பூச்சி விழாத தட்டு

கிடங்கில் ஏணிமேல் நின்றபடி, பூச்சிப் பொறி மாற்ற வந்த சுஜித் பழைய ரப்பர் மூடியைக் கழற்றினான். கையுறை போட்ட விரலால் புதியதைத் தொங்கவிட்டான்.

மூடிக்கு அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டு. மூடியில் பெண் பூச்சியின் வாசனையை ஏற்றியிருப்பார்கள். மனுஷ மூக்குக்குத் தெரியாது. அதைத் தேடி வரும் ஆண் பூச்சி தண்ணீரில் விழும்.

நான் துடைப்பத்தோடு கீழே நின்றேன்.

இடப்பக்கம் பத்து மூட்டை உயரத்துக்கு உருளைக்கிழங்கு. வலப்பக்கம் வெறும் தரை. நாற்பத்தொரு நாளுக்கு முன் அங்கே நின்ற மூட்டை அட்டிதான் என் வீட்டுக்காரர் பிச்சைமணி மேல் சரிந்து உயிரைக் கொண்டுபோனது.

அடுக்கியவரும் அவர்தான். கோணலாக அடுக்கினார், தானே மாட்டிக்கொண்டார் என்று மட்டாஞ்சேரிச் சந்தை முழுக்கப் பேச்சு. முதலாளியும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நசுங்கிய கிழங்கை அன்றைக்கே லாரியில் அள்ளிப் போய்விட்டார்கள்.

இருபது வருஷம் நூல் பிடித்த மாதிரி அடுக்கியவர். அந்தப் பேச்சு பொய் என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று தினமும் காத்திருந்தேன்.

முதல் பூச்சி வந்தது. சாம்பல் நிறம், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. தட்டில் விழுந்து துடித்தது.

பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. மூட்டை இடுக்கிலிருந்து புகை கிளம்புவதுபோல் கிளம்பி வந்தன. ஒன்று என் கழுத்தை உரசிப் போனது.

சூப்பர்வைசர் சஜி சேட்டன் டார்ச்சைத் தூக்கினார்.

"எடா, ரெண்டு மாசமா தட்டு காலியாணு. பூச்சியே இல்லேன்னல்லே நான் ரிப்போர்ட் கொடுத்தது?"

"தட்டுலதான் இல்ல சேட்டா. உள்ள குடும்பமே நடத்திட்டு இருந்திருக்கு," என்று சுஜித் சிரித்தான்.

இறங்கி வந்து அடிமூட்டையை விரலால் குத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. கறுப்பு நீர் வழிந்தது. அவன் சிரிப்பு நின்றது.

புழு துளைத்து, கிழங்கு உள்ளுக்குள்ளேயே அழுகியிருந்தது. அடி இளகினால் எந்த அட்டியும் நிற்காது.

"அண்ணன் அடுக்கினதுல தப்பே இல்லக்கா," என்றான் சுஜித் மெதுவாக.

கேட்டது. நாற்பத்தொரு நாள் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் எனக்கு உடம்பு முழுக்க வியர்த்தது. தலைக்கு மேல் நின்ற மூட்டைகளைப் பார்த்து அல்ல.

சுஜித் பழைய மூடியை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இதை யாரோ தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. கழுவினா வாசனை போச்சு. அப்புறம் இது வெறும் ரப்பர்."

சஜி சேட்டன் என் பக்கம் திரும்பினார். "பிச்சைமணிதானே இதெல்லாம் நோக்கிட்டிருந்தது?"

"ஆமா," என்றேன்.

ஏணி ஏற எனக்குப் பயம். ரெண்டு மாசத்துக்கு முன், தூசி படிந்து கறுத்திருந்த மூடிகளை அவர்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி என் சோப்பு வாளிக்குள் போட்டார். முதலாளி வரும் நாளில் கிடங்கு பளிச்சென்று இருக்கட்டும் என்று நான் கேட்டதால்.