கண்டல் கொள்ளி

"முப்பத்துநாலு பேர் சரியாய் எழுதியிருக்கினம். ஒராள் மட்டும் ஊருலகத்துக்கே எதிர்! றம்ஸியா, எழும்பும்."

ஆசிரியர் பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் கனகசுந்தரம் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். சுற்றாடல் பற்றிய மனப்பாங்குப் பரீட்சை. 'கடலோரக் கண்டல் மரம் வெட்டுவது குற்றம்' என்ற வரிக்கு நேரே எல்லாரும் 'ஏற்கிறேன்' என்று புள்ளடி போட்டிருந்தார்கள். தாளில் நல்லவராவதற்குப் பென்சில் ஒன்று போதும்தானே.

கிண்ணியாவிலிருந்து வரும் றம்ஸியா மட்டும் 'மறுக்கிறேன்' என்று போட்டிருந்தாள்.

"கை தவறிப் போட்டதோ?"

"இல்லை சேர். அறிஞ்சுதான் போட்டனான்."

வகுப்பு சிரித்தது.

"கண்டல் அழிஞ்சால் றால் இல்லை, மீன் இல்லையெண்டு எவ்வளவு படிப்பிச்சனான்!"

"ஓம் சேர், எனக்கும் தெரியும். ஆனா வாப்பா மௌத்தான பிறகு, எண்ட உம்மா கண்டல் கொள்ளி வித்துத்தான் என்னைப் படிப்பிச்சவ. பட்ட கொப்பைத்தான் வெட்டுவா. பச்சையில கத்தி வைக்க மாட்டா. அவ குற்றவாளியெண்டு எண்ட கையால எழுத ஏலாது."

சிரிப்பு நின்றது. கனகசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"சரி, உம்மாவை விடுவம். விறகை வாங்கிறவன்தான் பெரிய கள்ளன்! வாங்க ஆளில்லாட்டி ஆர் வெட்டப்போகினம்? ஆர் வாங்கிறது? பேரைச் சொல்லும். இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதுறன்."

"சொல்ல மாட்டன்."

"சொல்லாட்டி இந்தப் பாடத்துக்குப் பூச்சியம். நியமனமும் கிடைக்காது."

நியமனம் வந்த அன்றைக்கே உம்மாவின் கையிலிருந்து கத்தியை வாங்கிவிட வேண்டுமென்றுதான் றம்ஸியா இரண்டு வருடமாக அலைகிறாள். ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

"பூச்சியத்தைப் போடுங்கோ சேர். வாற வருசம் திரும்பவும் எழுதுறன். பேர் மட்டும் எண்ட வாயால வராது."

"திமிர்!" என்றார். சிவப்பு மையால் பெரிதாகவே போட்டார்.

வெளியே வந்ததும் கூடப் படிக்கும் புஸ்பராணி பிடித்துக்கொண்டாள்.

"உனக்கென்ன விசரா? ஆரோ ஒருத்தருக்காக உன்ர தலையில நீயே மண்ணை அள்ளிப் போடுறியே!"

"அந்த மனுசி பாவம் புள்ள. மண்ணெண்ணெய் அடுப்பில சமைச்சா மணக்குதெண்டு புருசன் கோப்பையைத் தூக்கி எறியிறாராம். அதுதான் அவரில்லாத நேரம் பார்த்து உம்மாட்ட வாங்கிறவ. கொள்ளி எங்க இருந்து வருதெண்டு, குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாத்தானே அவருக்குத் தெரியும்? நான் பேரைச் சொன்னா, அடி அவவுக்குத்தான்."

"ஆரடி அந்த மனுசி?"

"கனகசுந்தரம் சேர்ட பெண்சாதி."