சிலந்தி பின்னிய முகம்

தூங்குமூஞ்சி மறுபடியும் கண்ணை மூடிவிட்டாள். அதுவும் முதல் வரிசையில், அறிவியல் டீச்சரின் மூக்குக்கு நேராக உட்கார்ந்துகொண்டு.

டீச்சர் படம் வரைவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல் அவள் பக்கத்தில் போய் நின்றார். மகாராணிக்கு அதுகூடத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் அவளுடைய கைகள் மட்டும் எதையோ தடவிக்கொண்டிருந்தன.

வெடுக்கென்று பிடுங்கினார். பிளாஸ்டிக் இதயம். போன வாரம் ஆய்வறை அலமாரியிலிருந்து காணாமல் போனதே, அதே இதயம்.

"இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பையைக் கொட்டு. எல்லாத்தையும் பார்க்கணும்."

கொட்டினாள். புத்தகங்களுக்கு நடுவே ஒரு குட்டி மலைத்தொடர் விழுந்தது. கூடவே கணக்கு சாரின் வளைகோடும், வரலாற்று சார் தேடித் தேடி அலுத்துப்போன பழங்காலத்து நாணயமும் விழுந்தன.

எல்லாமே சிலந்தி செய்தவை. சிலந்தி என்பது ஆய்வறையிலிருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். கணினியில் வரைந்து கொடுத்தால் போதும், பிளாஸ்டிக்கை உருக்கி, இழைமேல் இழையாகப் பின்னி, வரைந்ததைப் பொருளாகவே கையில் கொடுத்துவிடும். அது வந்த பிறகு எந்தப் பாடத்துக்கும் வெறும் படம் போதவில்லை, எல்லா ஆசிரியர்களும் ஆய்வறை வாசலில் வந்து நின்றார்கள்.

அந்தச் சிலந்தியை வசக்கி வைத்திருந்தவள் தூங்குமூஞ்சிதான். டீச்சரே திணறும் இடத்தில் இவள் இரண்டு தட்டு தட்டினால் அது ஓடும். பெற்ற பிள்ளையைப் போல நம்பி ஆய்வறைச் சாவியையே அவளிடம் கொடுத்திருந்தார் டீச்சர். அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

"வீட்டுல தம்பி விளையாடவா?"

"இல்ல டீச்சர், எனக்குத்தான். கொஞ்சம் பழகிட்டுத் திருப்பி வெச்சுடலாம்னு..."

"இதுல பழக என்ன இருக்கு? நட ஆய்வறைக்கு. சாவியைக் கொடு."

ஆய்வறைக் கதவைத் திறந்ததும் டீச்சருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆளில்லாத அறையில் சிலந்தி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் மணி அடிப்பதற்கு முன்பே யாரோ போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ, சாவி யாரிடம் இருந்தது?

தட்டின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு பெண்ணின் முகம் வளர்ந்துகொண்டிருந்தது. தாடை, உதடு, உதட்டோரத்து மச்சம் எல்லாம் வந்துவிட்டன. மூக்கு பாதிக்கு வந்திருந்தது.

"யாரிது?"

"எங்கம்மா."

"எந்தப் பாடத்துல வருது உங்கம்மா முகம்?"

"எந்தப் பாடத்துலயும் வராது டீச்சர். அம்மா தூங்கும்போது போன்ல சுத்திச் சுத்திப் படம் எடுத்து நானே பண்ணினேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"ஏம்மா, அம்மா முகத்தைப் பார்க்கணும்னா வீட்டுக்குப் போனாப் பார்த்துக்கலாமே. இதுக்கு இவ்வளவு பெரிய மிஷினா?"

"இப்போதைக்குப் பார்க்கலாம் டீச்சர்."

சுருக்கென்றது டீச்சருக்கு. திருடினதும் போதாதென்று வாய் வேறு. இனி இவளை நம்பி ஒரு குண்டூசிகூடக் கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு சிலந்தியின் சுவிட்சில் கை வைத்தார்.

தூங்குமூஞ்சி பாய்ந்து வந்தாள். வந்த வேகத்தில் நாற்காலியில் முட்டிக்கொண்டாள். வலியைப் பொருட்படுத்தாமல் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்திடாதீங்க டீச்சர். பாதியில நிறுத்தினா வீணாயிடும். மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க, அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, என்ன வேணா பண்ணுங்க. இது ஒண்ணு மட்டும் முடிஞ்சிடட்டும்."

"ஒண்ணும் குடி முழுகிடாது. அடுத்த வருஷம் ஒழுங்கா இருந்தா, அப்போ போட்டுக்கோ."

"அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன் டீச்சர்."

"ஏன், வேற ஸ்கூலா?"

"ஆமா. ஹாஸ்டல்ல சேர்க்கிறாங்க. வீடு ரொம்ப தூரம்."

டீச்சருக்குக் கோபம் அப்படியே வடிந்தது. அட, அம்மாவைப் பிரிந்து போகிற பிள்ளை. அதற்குத்தானா இத்தனை திருட்டுத்தனமும். தானும் ஹாஸ்டலில் தலையணை நனைய அழுதவர்தான். சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே குரலைத் தணித்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேனா? அசடு. அம்மா போட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போயேன். தினமும் பார்த்துக்கலாம்."

"போட்டோ உதவாது டீச்சர்."

"ஏன் உதவாது?"

சிலந்தி மூக்கை முடித்துவிட்டு அம்மாவின் கண்களைப் பின்ன ஆரம்பித்திருந்தது. தூங்குமூஞ்சி தன் கண்களை மூடிக்கொண்டாள். ஒரு விரலை நீட்டி, சூடு ஆறியிருந்த தாடையை மெல்லத் தடவி, அந்த மச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"பார்வை முழுசாப் போறதுக்குள்ள, எங்கம்மா முகம் என் விரலுக்குப் பழகிடணும் டீச்சர்."