இருபத்திரண்டு நாள் லீவு

"மூர்த்தி லிஸ்ட்ல கடைசியில வர்றானே சார். நம்ம லைன்ல அவன விட்டா நல்ல ஆபரேட்டரே கெடையாது" என்றான் சூப்பர்வைசர் விஜயகுமார்.

மேனேஜர் சௌந்தரராஜன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். ஆர்டர் படுத்துவிட்டது. தகடு அழுத்தும் பிரஸ் லைனில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியாக வேண்டும். போனமுறை சாதிக்காரன், ஊர்க்காரன் என்று பார்த்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பியதாகப் பேச்சு வந்ததால், இந்தமுறை வேலைத்திறன், தரம், வருகை என்று கட்டம் போட்டு ஆளுக்கு மார்க் போட்டிருந்தார். பெங்களூரு பயிற்சியில் கற்று வந்த முறை. கூட்டலுக்கு மாமன் மச்சான் கிடையாது என்பது அவர் கட்சி. சொல்லப்போனால் நியாயமான கட்சிதான்.

மூர்த்திக்கு மற்ற கட்டங்களில் முதல் மார்க். பாதி மார்க்கைத் தின்கிற வருகையில் மட்டும் முட்டை. பிப்ரவரியில் சேர்ந்தாற்போல் இருபத்திரண்டு நாள் லீவு.

கோவில்பட்டியிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு பிழைக்க வந்தவன், நாற்பது வயதுக்குமேல் ஓசூரில் எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும் என்று விஜயகுமார் மன்றாடினான். வருகையை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிடச் சொன்னான்.

"ஒருத்தனுக்காக மாத்தினா அப்புறம் கட்டம் எதுக்குய்யா?" என்றார் மேனேஜர். "அத்தனை நாள் ஏன் வரலைன்னு ஒரு காரணம் சொல்லு, விட்டுடறேன். லீவுன்னு எழுதினது நீதானே?"

விஜயகுமார் திரையில் மூர்த்தியின் மார்க்கை மறுபடி கூட்டிப் பார்த்தான். மேனேஜர் மார்க் தாளை அச்செடுத்து, நீயே சொல்லிவிடு என்று கையில் கொடுத்தார்.

கேன்டீன் வாசலில் மூர்த்தி தாளை வாங்கி, தன் பெயரைக் கடைசியில் கண்டுபிடித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அழுதது என்னவோ விஜயகுமார்தான்.

"உள்ள எதும் சொல்லிட்டியளா அண்ணே?" மூர்த்தி பதறிப்போய்க் கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினான் விஜயகுமார்.

"சொல்லாண்டாம். ஒங்க வேலயும் போயிரும். ஒருத்தன் போனாப் போதும்."

பிப்ரவரியில் பிரஸ்ஸுக்குள் சிக்கி மூர்த்தியின் விரல் எலும்பு முறிந்தபோது, 'விபத்து இல்லாத நாட்கள்' பலகை முந்நூறைத் தொட இன்னும் நாலே நாள்தான், லீவு என்று எழுதிக்கொள்கிறேன், வெளியே சொல்லாதே என்று அவனைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டவன் விஜயகுமார்.