சன்னலுக்கு முன்னால் ஒரு சுவர்

“அந்த மனுஷன் என் பொண்ணை முறைச்சு முறைச்சுப் பார்க்கிறாரு. அவர் சன்னலை மறைச்சு ஒரு சுவர் கட்டிக் கொடுங்க” என்றாள் மங்களம்.

தேநீர்க் கூட்டத்துக்கு வந்திருந்த பலரும் தலையாட்டினார்கள்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் கூட்டம். எம்.பி. ஸ்ரீராம் தொகுதிக்குப் புதியவர். வட்டார வேலைகளுக்காக அரசாங்க அமைச்சிடம் நிதி கேட்டு எழுதப் போவதாகவும், எந்தப் புளோக்குக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் போகவே வந்ததாகவும் சொன்னார். சாய்தளம் கேட்டார்கள், உடற்பயிற்சி மூலை கேட்டார்கள். சுவர் கேட்டவள் மங்களம் ஒருத்திதான்.

புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதைக்குக் கூரை உண்டு. அதையொட்டி, கீழ்த்தளத்து மூலை வீட்டுச் சன்னலில் அந்த முகம் இருக்கும். வெளிறிப்போன கிழ முகம். காலையில் போனாலும் இருக்கும், மாலையில் வந்தாலும் இருக்கும். சிரித்தால் சிரிக்காது. கண் இமைத்து யாரும் பார்த்ததில்லை.

மழை வந்தால் இன்னும் மோசம். கண்ணாடியை உள்ளேயிருந்து ஒரு கை தட்டும். எல்லாருக்கும் தட்டாது. பத்துப் பேர் கடந்து போனால் யாரோ ஒருவருக்குத்தான் தட்டும்.

“எனக்குத் தட்டின மறு வாரமே எங்க அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்தோம்” என்று மூன்றாம் மாடி சம்சுன்னிசா லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். “அது கூப்பிடுற தட்டு லா. திரும்பிப் பார்த்துடாதீங்க.”

மங்களத்தின் மகள் ரக்ஷனாவுக்கு மூன்று முறை தட்டியாகிவிட்டது. இப்போதெல்லாம் அவள் கூரைப் பக்கமே போவதில்லை. மழையில் நனைந்தாலும் புல்வெளியைச் சுற்றித்தான் பள்ளிக்குப் போகிறாள். ராத்திரி தூக்கத்தில் விரல் மடக்கிக் கட்டிலைத் தட்டுகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் மங்களம் கூட்டத்துக்கே வந்தாள்.

சுவரையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றார் ஸ்ரீராம். ஆனால் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் சன்னலை மறைப்பது முறையில்லை, நீங்களும் வாருங்கள் என்று மங்களத்தையும் கையோடு அழைத்துப் போனார். மழையில் தட்டும் கதையை வழியெல்லாம் மங்களம் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்தவர் பிலோமினம்மாள். சன்னலில் இருந்தது அவர் கணவர் இஞ்ஞாசி. ஆள் வந்த சத்தத்துக்கு அவர் திரும்பவில்லை. மாதா படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படம். ரக்ஷனா வயதுதான் இருக்கும். படத்துக்கு மாலை போட்டிருந்தது.

மங்களம் சுற்றி வளைக்கவில்லை. “ஆண்ட்டி, அங்கிள் இப்படி நாள் பூரா உட்கார்ந்து, போற வர்ற பொம்பளப் பிள்ளைங்களைப் பார்க்கிறது நல்லாவா இருக்கு?”

பிலோமினம்மாள் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“பார்க்கிறாரா? அவருக்கு ரெண்டு கண்ணும் தெரியாதும்மா. சர்க்கரையில போயிடுச்சு.”



“அப்புறம் எதுக்குத் தட்டுறாரு?” என்று ஸ்ரீராம் மெதுவாகக் கேட்டார்.

பதில் வருவதற்குள் வெளியே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. நடைபாதைக் கூரையில் சடசடவென்று சத்தம். காலடிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. இஞ்ஞாசி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை.

திடீரென்று செருப்புகள் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம். இஞ்ஞாசியின் கை தானாக எழுந்தது. முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. கண்ணாடியில் டக், டக், டக்.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து மங்களம் பார்த்தாள். வெளியே இரண்டு பெண்கள் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த கணமே முகம் வெளுத்து, முன்னைவிட வேகமாக ஓடினார்கள்.



ஸ்ரீராம் நாற்காலிக்கு அருகே குனிந்தார். “அங்கிள், நான் எம்.பி. இங்க செய்ய வேண்டிய வேலைக்கு நிதி கேட்கப் போறோம். உங்களுக்கு ஏதாவது வேணுமா?”

இஞ்ஞாசி முதன்முறையாகச் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

“முன்ன இருந்த எம்.பி.கிட்ட நடையா நடந்து இந்தக் கூரையை வாங்கினதே நான்தான் தம்பி. பாதிக்குத்தான் காசு வந்துச்சு. கார் பார்க் ரோட்டுக்கிட்ட கூரை நின்னுடுது. மழைன்னா அந்த ரோட்டைத் தாண்ட சில பேரு இங்கயிருந்தே ஓட்டம் பிடிக்கிறாங்க. வண்டி வர்றது தெரியாது. ஓடாதேன்னுதான் தட்டுறேன். தட்டினா இன்னும் வேகமா ஓடுறாங்க, ஏன்னு புரியல.”

மங்களம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மிச்சக் கூரையைப் போட்டுக் கொடுங்க, போதும்” என்றார் இஞ்ஞாசி. “எங்க பொண்ணு கிளாரிசாவும் மழைக்குப் பயந்து அந்த ரோட்டுலதான் ஓடினா.”