முந்நூற்றுப் பதினெட்டு

கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது. உதவிக்கு வந்திருந்த வளர்மதிக்கு, வீரர்களின் கையில் மார்க்கரால் எண் எழுதும் வேலை. நரைத்த தலைக்காரர் ஒருவர் உடம்பெல்லாம் வாஸ்லின் தடவிக்கொண்டு வந்து நின்றார். மை ஒட்டவில்லை.

“எழுதின பிறகில்ல சார் தடவணும்!” என்று முந்தானையால் துடைத்துவிட்டு, கடைசி எண்ணான 317ஐ அழுத்தி எழுதினாள்.

பொழுது சாய்ந்தது. எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று போட்டி நடத்தியவர்கள் நேரம் பதியும் கருவியைக்கூட மூட்டை கட்டிவிட்டார்கள். 317க்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று வளர்மதிக்குத் தெரியும். நின்றாள். அவர் நொண்டி நொண்டி வந்தபோது, ஒரு கூட்டமே தட்டுவதுபோல் அவள் ஒருத்தி கை தட்டினாள். பிறகு தன் வாட்சைப் பார்த்து, அவர் கையில் எண்ணுக்குக் கீழே 5.52 என்று எழுதினாள்.

“நீங்க எப்பம்மா வந்தீங்க?” மூச்சிரைக்கக் கேட்டார்.

“விடிகாலை நாலு மணிக்கு சார்.”

“ஒவ்வொரு சுத்துலயும் பாத்தேன். நானாவது சைக்கிள்ல உட்கார்ந்தேன், நீங்க உட்காரவே இல்லையே!”

மார்க்கரை வாங்கி, அவள் நீட்டிய முன்கையில் 318 என்று எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. வளர்மதி அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடுவரை நின்றே போனாள்.