வேனில் கடக்கும் ஊர்

எங்கள் காலனியிலிருந்து மலைக்கோயிலுக்கு ஏழு நாள் நடை. எனக்கு ஆபீசில் ஒரு நாள்தான் லீவு. எந்தப் பகுதியில் நடக்கப் போகிறாய் என்று நடைக்குழுவின் குருசாமியான மாசிலாமணி பெரியப்பா கேட்டார். மூன்றாம் நாள் வரும் ஊரைச் சொன்னேன்.

“அங்க யாரு நடக்குறா? வேன்ல ஏறிக் கடந்துருவோம். நெழலே கெடையாது பாப்பா.”

அந்த ஊர்த்தெருவில் இருபுறமும் புளியமரங்கள். என் அப்பா சாகும்வரை அந்தத் தெருவைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடந்தார். இரண்டும் பெரியப்பாவுக்குத் தெரியும்.

“நெழல் இருக்கு பெரியப்பா.”

“சரி, நட. வெறுங்காலுதான, ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

“செருப்புப் போட்டு நடக்கப் போறேன்.”

“வெரதத்துல செருப்பா? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தானுவளா? சாமிக் குத்தம் ஆயிரும்.”

“சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். ஊர்க்காரங்கிட்ட நீங்க பேசுவீங்களா?”



மூன்றாம் நாள் காலை, ஊர் எல்லையில் எல்லோரும் வேனில் ஏறினார்கள். நான் பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டு வாரை இறுக்கினேன். டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேர் என் காலைப் பார்த்தார்கள். பெரியப்பா டிரைவரிடம், “எடுப்பா, எடுப்பா” என்றார். வேன் கிளம்பவில்லை. முதல் நாளிலிருந்து குழுவோடு நடந்துவந்த அம்மா இறங்கிக்கொண்டிருந்தாள். வெடித்த பாதங்களைத் தார்ரோட்டில் ஊன்றி நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“இன்னொரு சோடி வச்சிருக்கியாடி?”