முதுகு காட்டிய மீன்

"உனக்குக் கண்ணு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?"

இன்ஜினியர் போட்ட சத்தத்தில் நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றே விட்டார். வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் நேரமில்லை?

ஆற்றங்கரை நெடுக மீன் வடிவத்தில் ஐந்து கல் இருக்கைகள். நாளைக்குத் திறப்பு விழா. நான்கு இருக்கைகள் ஆற்றைப் பார்த்து இருந்தன. ஐந்தாவது மட்டும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் பாதையைப் பார்த்தது.

"வரைபடத்துல அம்புக்குறி போட்டுத்தானே கொடுத்தேன்?"

"தலைகீழாப் பார்த்துட்டேன் சார். தப்பு என்மேலதான்," என்றார் கொத்தனார்.

"குடிச்சுட்டு வேலை பார்த்திருப்பான்," என்று சைக்கிள்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார்.

"இந்த மீனைச் செதுக்கின சிற்பி வந்து பார்த்தா என்னைத்தான் காறித் துப்புவார். இப்பவே திருப்பி வை."

"கான்கிரீட் இறுகிடுச்சு சார். நெம்பினா வால் உடைஞ்சுடும்."

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். "அப்படியே கிடந்து தொலையட்டும். ஆனா பாலத்து வேலைக்கு நீ வராதே. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பாலத்து வேலை என்றால் இரண்டு வருஷத்துக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கொத்தனார் தலையை ஆட்டிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனார். பார்க்கவே பாவமாக இருந்தது.

இன்ஜினியரின் ஜீப் கிளம்பியதும் சித்தாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "இத்தனை வருஷத்துல ஒரு செங்கல்லைக் கூட நீங்க கோணலா வச்சதில்லை. என்கிட்டயே கதை விடாதீங்கண்ணே."

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சிமெண்ட்டைச் சுரண்டினார்.

அப்போது ஒரு அம்மா தளர்ந்த நடையில் வந்தார். ஆற்றைப் பார்த்திருந்த நான்கு இருக்கைகளையும் தாண்டி வந்து ஐந்தாவதில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற சைக்கிள்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இவங்க தினமும் நம்ம சிமெண்ட் மூட்டை மேல வந்து உட்கார்றவங்களாச்சே?"

"மெதுவாப் பேசு. போன வெள்ளத்துல இவங்க மகன் போனது இந்த இடத்துலதான். உடம்பைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்."

சித்தாள் அவர் பக்கம் நெருங்கி வந்தாள். "இதை இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா, நாளைக்கு விழாவுக்கு வர்றவங்க எல்லாரும் மீனை விட்டுட்டு அவங்களைத்தான் வேடிக்கை பார்ப்பாங்க," என்றவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "இங்க வராம இருக்கவும் முடியல, தண்ணியைப் பார்க்கவும் முடியல அவங்களால."